பதில்: சார்ஜ் போடும் இடத்தில் வண்டியை அறிந்து காட்டும் விளம்பரத்துக்கு ஒரு சொல்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மின்வண்டிக்குச் சார்ஜ் போடும்போது, வந்திருப்பது எந்த வண்டி என்று நிலையம் அறிந்து அதற்கேற்பத் திரையில் காட்டும் விளம்பரத்துக்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்டுத் தொடங்கிய இழையை நேற்று இரவுதான் முதலிலிருந்து படித்தேன். ஆற்காட்டு ஐயா கொடுத்த "மின்னூர்தி அடையாளங்காண்வழி இலக்குசார் விளம்பரம்" என்ற தொடரில் பிழை ஒன்றும் இல்லை. பொருள் முழுதும் அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவர், ஒப்புதல் கேட்கும் திரையில் அதைப் படித்து முடிக்கும் முன்பே "சரி" பொத்தானை அழுத்திவிடுவார். வாணியம்பாடித் தோழியின் "சார்ஜர் விளம்பரம்" வாயில் எளிதாக வருகிறது. கேட்டால் சார்ஜர் விற்கிறவர்களின் விளம்பரம் போல இருக்கிறது.

எனக்கு இந்தச் சொல்லில் அக்கறை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வேலூரில் கண் அறுவை முடிந்து, மறுபரிசோதனைக்காக ஆம்பூரிலிருந்து காரில் அழைத்துப் போனேன். முந்தின இரவு வீட்டில் சார்ஜ் போட மறந்திருந்தேன். பள்ளிகொண்டா தாண்டி ஒரு நிலையத்தில் நிறுத்தி, கேபிளைச் செருகினேன். போனைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. திரையில் "மீண்டும் வருக" என்று வந்தது. அதன் கீழே பேட்டரி 23 சதவீதம் என்றது. இரண்டு நிமிடம் கழித்து அதே திரையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் விளம்பரம். அம்மா முன் இருக்கையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். "இது நம்ம வண்டின்னு அதுக்கு எப்படிப்பா தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"மீண்டும் வருக"வுக்கு என்னிடம் பதில் இருந்தது. போன வருடம் அந்த நிறுவனத்தின் செயலியில் வண்டியைப் பதிந்து வைத்திருந்தேன். கண்ணாடிக் கடைக்குப் பதில் இல்லை. அந்த விளம்பரம் அன்று வந்த எல்லோருக்கும் ஓடியதா, மாதம் ஒருமுறை வேலூருக்குப் போய் வரும் இந்த வண்டிக்காக ஓடியதா? அங்கே நின்றபடி எதையும் அறிய முடியவில்லை. கேட்கவும் ஆள் இல்லை.

நுட்பம் இதுதான். வேக சார்ஜரின் செருகியில் மின்சாரம் பாயும் தடித்த முனைகளோடு, பேச்சுக்கென்று ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. செருகியதும் அதில் 12 வோல்ட்டாக இருந்த மின்னழுத்தம் 9 வோல்ட்டாக இறங்கும். ஏதோ ஒரு வண்டி வந்திருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் தெரியாது. மெதுவாகச் சார்ஜ் ஏற்றும் சாதாரண ஏ.சி. பெட்டிகள் பெரும்பாலும் இந்த அளவோடு நின்றுவிடும். வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கில் ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போட்டால் சுவருக்கு எதுவுமே தெரியாது. வேக சார்ஜரில் கதை வேறு. அதே கம்பி வழியாக வண்டியும் இயந்திரமும் எண்முறையில் பேசத் தொடங்கும். டின் 70121 என்ற ஜெர்மன் தரம், ஐ.எஸ்.ஓ. 15118 என்ற பன்னாட்டுத் தரம் ஆகியவற்றின்படி நடக்கும் அந்தப் பேச்சின் தொடக்கத்திலேயே வண்டி தன் தகவல்தொடர்பு மின்சுற்றுப் பலகையின் எண்ணைச் சொல்லிவிடுகிறது. 6 பைட், அதாவது எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த 12 இலக்கம். பேட்டரி எத்தனை சதவீதம், எவ்வளவு மின்னோட்டம் தாங்கும் என்பதெல்லாம் அடுத்தடுத்துப் போகும். அந்த எண்ணின் முதல் பாதி, பலகையைச் செய்த நிறுவனத்தைக் காட்டும். முழு எண்ணும் சேர்ந்தால் இந்த ஒரு வண்டிதான்.

ஆகவே இங்கே மூன்று வினைகள் இருக்கின்றன. இழையில் மூன்றையும் "அடையாளங்காணல்" என்ற ஒரே பெயரில் கலந்து பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன். ஒரு வண்டி வந்திருப்பதை உணர்வது முதலாவது. எந்த வகை என்று இனம் பிரிப்பது இரண்டாவது. இதே வண்டிதான் என்று அறிவது மூன்றாவது. வேலூருக்குப் பக்கத்திலுள்ள பொய்கை ஊரின் மாட்டுச்சந்தைக்குப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வார்கள், கொம்பையும் திமிலையும் பார்த்து இனம் சொல்வார்கள். உடம்பிலுள்ள மயிர்ச் சுழியைப் பார்த்துவிட்டு, "இது போன வாரம் வந்த மாடுதானே" என்பார் ஒருவர். அவர் செய்வது மூன்றாவது வேலை. நமக்குச் சொல் வேண்டியது அதற்குத்தான்.

நான்காவது ஒன்றும் இருக்கிறது, அதை இதோடு சேர்க்கவே கூடாது. வண்டி சொல்லும் எண்ணை வேறொரு கருவியும் பொய்யாகச் சொல்லலாம். அதனால் அந்த எண்ணை நம்பிப் பணம் கழிப்பது அவ்வளவு பாதுகாப்பானதல்ல. ஐ.எஸ்.ஓ. 15118 இதற்காகவே மின்சான்றிதழ் முறையை வைத்திருக்கிறது. அது மெய்ப்பித்தல். அறிதலும் மெய்ப்பித்தலும் வேறு வேறு என்பது நம் கலைச்சொற்களில் தெரிய வேண்டும்.

"செருகியறிதல்" என்று முதலில் எழுதி வைத்தேன். செருகி என்பது பெயராகவும் வினையெச்சமாகவும் நிற்பதால் அதன்மேல் எனக்கு ஆசைகூட வந்தது. ஆனால் செருகுவது பல வழிகளில் ஒன்று மட்டும். கேமராவால் நம்பர் பிளேட்டைப் படிக்கலாம். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த மின்வண்டி, மஞ்சள் எழுத்து என்றால் வாடகை மின்வண்டி என்பது வரை தெரிந்துவிடும். கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டாக் இருக்கிறது, செயலிக் கணக்கு இருக்கிறது. நாளைக்கு இன்னொன்று வரும். வழியைப் பெயரில் வைத்தால் சொல் சீக்கிரம் பழசாகிவிடும்.

ஆகவே என் முன்மொழிவு: வண்டியறிதல். அதை வைத்துக் காட்டும் விளம்பரம், வண்டியறி விளம்பரம்.

"அறி விளம்பரம்" வினைத்தொகை. காலம் கரந்த பெயரெச்சம் என்று பள்ளியில் படித்தோமே, அது இங்கே அப்படியே பொருந்துகிறது. இந்த விளம்பரம் முன்பு எத்தனை முறை வந்தாய் என்று அறிந்தது, இப்போது பேட்டரி எவ்வளவு என்று அறிகிறது, இன்னும் எவ்வளவு நேரம் இங்கே நிற்பாய் என்று அறியும். மூன்று காலத்தையும் இரண்டெழுத்தில் சொல்ல ஒரு வசதி நம் மொழியில் இருக்கும்போது "அடையாளங்காண்வழி" என்று நீட்ட வேண்டுமா?

"இலக்கு"வையும் விட்டுவிடலாம் என்பேன். இலக்கு என்றதும் நம் காதில் விழுவது விற்பனை இலக்கு, வசூல் இலக்கு. விளம்பரம் யாரைக் குறி வைக்கிறது என்பது அதில் ஒலிக்கவில்லை. பொதுவான இணைய விளம்பரத்துக்கு, "ஆள் பார்த்து விலை சொல்கிறான்" என்கிறோமே, அந்த வழியில் "ஆளறி விளம்பரம்" என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே மட்டும் வண்டியறி என்று பிரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இயந்திரம் அறிந்தது வண்டியை. ஓட்டி வந்தது நானாக இருக்கலாம், தம்பியாக இருக்கலாம், சித்தூரிலிருந்து நோயாளியைக் கூட்டி வந்த டிரைவராக இருக்கலாம். வண்டியை அறிந்துவிட்டு ஆளை அறிந்ததாக நினைத்துக்கொள்ளும் தவறு இந்தத் தொழிலில் எளிதாக நடக்கும். சொல்லாவது அதை மறைக்காமல் இருக்கட்டும்.

"வண்டி" பேச்சுவழக்கு, "ஊர்தி"தான் தகும் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். நம் பக்கத்தில் மாட்டுவண்டியும் வண்டிதான், ஸ்கூட்டரும் வண்டிதான், மணல் லாரியும் வண்டிதான். "ஊர்தியை எங்கே நிறுத்தினாய்?" என்று ஆம்பூரில் ஒருவரும் கேட்டு நான் அறியேன். அம்மா கேட்டதும் "நம்ம வண்டின்னு" என்றுதான்.

இவ்வளவு அவசரம் எதற்கு என்று கேட்டவருக்கு: 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்கென்று தெளிவாகப் பெறப்பட வேண்டும் என்கிறது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலுமோ படிக்கும் வாய்ப்பும் தர வேண்டும். தமிழ் அதில் ஒன்று. சிறுவர்களைக் குறிவைக்கும் விளம்பரத்துக்குத் தடையும் அதில் இருக்கிறது; பின் இருக்கையில் பிள்ளைகள் இருப்பது சார்ஜருக்கு எப்படித் தெரியும் என்பது தனி விவாதம். எப்படியும் அந்தத் தமிழ் அறிவிப்பை யாரோ எழுதத்தான் போகிறார்கள். நாம் சொல் கொடுக்காவிட்டால் "தங்களுக்கேற்ற சலுகைகள்" என்று எழுதிவிடுவார்கள். பணம் கழிக்க வண்டியை அறிவதும், அதே அறிவை விளம்பரத்துக்குத் திருப்புவதும் ஒரே "சரி"க்குள் அடங்கிவிடும்.

பொய்கைச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. விற்பவர், வாங்குபவர், அந்த இரண்டு கைகள், அவ்வளவுதான். அந்தத் துண்டு இருக்க வேண்டிய இடம் சார்ஜரிலும் இருக்கிறது: பணம் கழிக்கச் சொன்ன விவரம் நம்மைக் கேட்காமல் விளம்பரத்துக்குப் போகக் கூடாது.

இப்படி ஒரு மாதிரி அறிவிப்பு எழுதிப் பார்த்தேன்: "பணம் கழிப்பதற்காக இந்த நிலையம் உங்கள் வண்டியை அறிகிறது. இதே விவரத்தை வைத்து வண்டியறி விளம்பரம் காட்டலாமா? காட்டலாம் / வேண்டாம்." அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். விளக்கம் எதுவும் கேட்கவில்லை. "வேண்டாம்" எந்தப் பக்கம் இருக்கும் என்று மட்டும் கேட்டார்.

இரண்டு கேள்விகளை ஆற்காட்டு ஐயாவிடம் விடுகிறேன். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் "வண்டியறி கருவி" என்றே எழுதலாம் என்று நினைக்கிறேன், சரிதானா? வண்டி சொல்லும் அந்த 12 இலக்கத்துக்கு "வண்டிக்குறி" போதுமா, நம்பர் பிளேட்டோடு குழம்புமா? தோழி, உங்கள் பக்கத்து ஆட்டோ ஓட்டுநர்களிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆம்பூரிலிருந்து