நோட்பேட்++: "கொழும்பு 6" எல்லாவற்றையும் "கொழும்பு 06" ஆக்குவது எப்படி?

கொட்டாஞ்சேனை_13:
வணக்கம். சங்க உறுப்பினர் முகவரிகள் ஒரே டெக்ஸ்ட் பைலில் கிடக்கின்றன. கொழும்பின் தபால் வலய இலக்கத்தை ஆளுக்கொரு மாதிரி எழுதியிருக்கிறார்கள்: கொழும்பு 6, கொழும்பு-6, கொழும்பு06. எல்லாம் "கொழும்பு 06" என்று வரவேண்டும். சாதாரண ரீப்ளேஸில் "கொழும்பு 1" கொடுத்தால் 13உம் 013 ஆகிறது. அதோடு, கண்ணெதிரே இருக்கும் சில "கொழும்பு" தேடலில் அகப்படுவதே இல்லை.

எழுத்தாணி:
அகப்படாததை முதலில் பாருங்கள், மற்றது பிறகு. யுனிகோடில் "கொ"வை இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்துக்குப் பின் ஒரே குறியாக, அல்லது கொம்பும் அரவும் தனித்தனியாக. திரையில் வித்தியாசம் தெரியாது. தேடலுக்கோ இரண்டும் வேறு வேறு. சந்தேகமான சொல்லில் "கொ"வுக்குப் பின் கேர்சரை வைத்து ஒருதரம் பேக்ஸ்பேஸ் அடியுங்கள். "கெ" மிஞ்சினால் பிரிந்த வகை, "க" மட்டும் மிஞ்சினால் சரி. கன்ட்ரோல் இசட்டால் மீட்டு, பிரிந்த சொல்லைக் கொப்பி பண்ணி ஃபைண்ட் பெட்டியிலும், சரியானதொன்றை ரீப்ளேஸ் பெட்டியிலும் ஒட்டி மாற்றிவிடுங்கள்.

பிறகு கன்ட்ரோல் எச், சேர்ச் மோட் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (அப்படியே சொல்லை அல்லாமல் எழுத்து வடிவத்தைத் தேடும் முறை).
தேட: கொழும்பு[ -]*0?([1-9])(?![0-9])
மாற்ற: கொழும்பு 0$1

கடைசி அடைப்பு, பின்னால் இன்னோர் இலக்கம் வரக்கூடாது என்கிறது. 10 முதல் 15 வரை தப்புவது அதனால்தான். "கொழும்பு-13" போன்றவற்றுக்குத் தனியாக:
தேட: கொழும்பு[ -]*(1[0-5])(?![0-9])
மாற்ற: கொழும்பு $1

புறக்கோட்டையான்:
ஒரு கண்ணி இருக்கிறது. யாராவது "கொழும்பு 2ஆம் குறுக்குத் தெரு" என்று எழுதியிருந்தால் அதுவும் "02ஆம்" ஆகிவிடும். எங்கள் பக்கத்து முகவரிகளில் இது சாதாரணம். கடைசி அடைப்பை (?![0-9ஆம]) என்று மாற்றுங்கள், "2ம்" என்று எழுதியதும் தப்பிவிடும். ரீப்ளேஸ் ஓல் அடிக்கமுன் ஃபைண்ட் பக்கத்தில் கவுண்ட் அழுத்தி எண்ணிக்கை நம்பும்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

கொட்டாஞ்சேனை_13:
நன்றி, பெரும்பாலும் சரிவந்துவிட்டது. சில வரிகள் மட்டும் அசையவில்லை. பேக்ஸ்பேஸ் சோதனையில் "கொ" சரியாகத்தான் இருக்கிறது.

எழுத்தாணி:
வேர்டிலிருந்து ஒட்டிய வரிகளாக இருக்கும். சொல்லுக்கும் இலக்கத்துக்கும் நடுவில் இருப்பது வரி உடையாமல் பிடிக்கும் இடைவெளி, சாதாரண ஸ்பேஸ் அல்ல. அந்த இடைவெளியை மட்டும் கொப்பி பண்ணி, [ -] என்ற சதுர அடைப்புக்குள் சிறுகோட்டுக்கு முன்னால் ஒட்டுங்கள். பின்னால் ஒட்டிவிடாதீர்கள். ஒட்டினால் கோடு "இதிலிருந்து அதுவரை" என்று பொருள்பட்டு இலக்கங்களையும் விழுங்கும். 13 பேசாமல் 03 ஆகிவிடும்.