இடது இண்டிகேட்டர் படபடக்கிறது, பிரேக் மிதித்தால் வேறு கூத்து

தங்கச்சிமடம் வண்டிக்காரர்:
சின்ன நாலு சக்கர லோடு வண்டி, 12 வோல்ட். பாம்பனிலிருந்து ராமநாதபுரத்துக்கு மீன் ஏற்றுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் வண்டி வாசலிலேயே நின்றது. இப்போது எடுத்தால் இடது இண்டிகேட்டர் படபடவென்று அடிக்கிறது, பின் பல்பு மங்கல். வலது பக்கம் ஒழுங்காக இருக்கிறது. பிரேக்கை மிதித்தால் முன்பக்க இடது இண்டிகேட்டர் லேசாக எரிகிறது! பிளாஷர் (இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கும் ரிலே), பின் பல்பு இரண்டும் புதுசு போட்டாயிற்று. வயரிங் முழுக்க மாற்றணும் என்கிறார் மெக்கானிக். என்ன செய்யலாம்?

மண்டபத்துக்காரர்:
எல்இடி பல்பு போடுங்க, பிரகாசமா இருக்கும்.

கீழக்கரை எலக்ட்ரீசியன்:
எல்இடி வேண்டாம் அண்ணே. அது இழுக்கும் கரண்ட் குறைவு, பழைய பிளாஷரில் இன்னும் வேகமாக அடிக்கும். வயரிங்கிலும் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள்.

ஒரே பிளாஷர்தான் இரண்டு பக்கத்துக்கும். வலது சரியாக அடிக்கிறதென்றால் பிளாஷர் மேல் தப்பில்லை. எனக்குச் சந்தேகம் இடது பின் விளக்கின் எர்த் மேல்தான், அதாவது கரண்ட் வண்டி உடம்பு வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு. எர்த் கெட்டால் 21 வாட் பல்பு முழுக் கரண்ட் இழுக்காது. பல்பு ஃபியூஸ் போனதாக நினைத்து பிளாஷர் வேகம் பிடிக்கும். பிரேக் கரண்டுக்கும் திரும்ப வழியில்லை. அதே கூட்டில் இருக்கும் இண்டிகேட்டர் பல்புக்குள் புகுந்து, வயர் வழியாக முன் இண்டிகேட்டருக்குப் போய் அங்கே எர்த் ஆகிறது. நீங்கள் பார்த்த கூத்து அதுதான்.

ஒரு வயரை பேட்டரி மைனஸிலிருந்து இழுத்து, அந்த விளக்கின் எர்த் வயரில் வையுங்கள். எல்லாம் சரியானால் குற்றவாளி பிடிபட்டான். மீட்டர் இருந்தால் 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, பேட்டரி மைனஸுக்கும் ஹோல்டர் உடம்புக்கும் நடுவே பாருங்கள். கால் வோல்ட்டுக்குள் இருக்கணும். இண்டிகேட்டர் போட்டுப் பார்த்தால் அளவு ஏறி இறங்கும், ஒன்றும் புரியாது.

தங்கச்சிமடம் வண்டிக்காரர்:
வயர் வைத்ததும் சரியாகிவிட்டது தம்பி! மீட்டரில் 5 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எர்த் போல்ட்டைக் கழற்றினால் பச்சைக் களிம்பு, பாதி வயர் உதிர்ந்து வருகிறது.

கீழக்கரை எலக்ட்ரீசியன்:
மீன்பெட்டி ஐஸ் தண்ணி அங்கேதான் வடியும், உப்புக்கு அது போதும். இரண்டு மாதம் ஓடாமல் கிடந்ததில் நன்றாகப் பிடித்திருக்கும். கறுத்த செம்பை வெட்டி எறிந்து, பளபளப்பான இடத்தில் புதுத் தம்பிள் (போல்ட்டில் மாட்டும் வயர் முனை வளையம்) போட்டு அழுத்துங்கள். சேசிஸில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இரும்பு தெரிந்த பிறகு முடுக்குங்கள், மேலே கிரீஸ் பூசுங்கள். பழைய துளை வேண்டாம், தண்ணி வடியாத உயரத்தில் புதுத் துளை போடுங்கள்.

தங்கச்சிமடம் வண்டிக்காரர்:
வலது பக்கத்தையும் கழற்றிப் பார்க்கணுமா?

கீழக்கரை எலக்ட்ரீசியன்:
கழற்றுங்க. அதே ஐஸ் தண்ணிதானே.