"தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லாத வீடு

வீடு வீடாகப் போய் தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின் சர்வீஸ் செய்வது என் வேலை. பதினோரு வருஷமாக அடுத்தவர் சமையலறையில்தான் என் பகல்பொழுது கழிகிறது. மணியை அடித்ததும் "ஒரு நிமிஷம்" என்று குரல் வரும். நாற்காலியில் கிடக்கும் துணிகளை அள்ளிக்கொண்டு ஓடும் சத்தமும் கேட்கும். அப்புறம்தான் கதவு திறக்கும். "வீடு குப்பையா இருக்கு, தப்பா நினைக்காதீங்க." பளிச்சென்று இருக்கும் வீடுகளில்தான் இதை அதிகம் கேட்டிருக்கிறேன்.

ஒரு வீட்டில் செருப்புகூட ஜோடி ஜோடியாக வரிசையில் இருக்கும். வசதியான, நல்ல வளர்ப்புள்ள குடும்பம் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். ஆறு மாதம் கழித்துப் போனால் தொட்டி நிறையப் பாத்திரம், டம்ளரில் பூஞ்சை, பட்டப்பகலில் திரையை விலக்காத இருட்டு. அதே அம்மாதான். ஆனால் இந்தத் தடவை "தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லவில்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. வடிகட்டியை மாற்றிவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

———

அண்ணா, என் அம்மா வீட்டு வேலைக்குப் போனவர். மூன்று பெரிய வீடுகள் அவர் கையால்தான் மின்னின. அந்த வீட்டுப் பிள்ளைகளை "எவ்வளவு சுத்தம்" என்று டீச்சர் புகழும்போது எனக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு ஒற்றை அறை. படுக்கையைச் சுருட்டாவிட்டால் கால் வைக்க இடமில்லை, அதனால் சுருட்டினோம். சாயங்காலம் அம்மா காலை நீட்டி உட்கார்ந்துவிட்டால் எங்கள் பாத்திரம் விடியும்வரை அப்படியே கிடக்கும்.

———

நானும் அக்காவும் ஒரே தாயிடம் ஒரே திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். என் அலமாரியைத் திறந்தால் துணி தலைமேல் விழும். அவளுக்கு ஒரு கரண்டி இடம் மாறினால் தூக்கம் வராது. இதில் யாரை டாக்டரிடம் கூட்டிப் போவது?

———

என் சித்தப்பா பழைய செய்தித்தாள், உடைந்த மின்விசிறி எதையும் தூக்கிப் போட விடமாட்டார். சோம்பேறி என்றுதான் திட்டினோம். அவர் ஊரில் இல்லாத நாளில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டோம். திரும்பி வந்தவர் குழந்தை மாதிரி அழுதார். ஒரே வருஷத்தில் அறை மறுபடி நிரம்பியது. பொருளை விட மனம் வராமல் சேர்த்துக்கொண்டே போகும் ஹோர்டிங் என்று ஒரு நோய் உண்டு என்பதை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். முன்பெல்லாம் அதை ஓ.சி.டி.யோடு, அதாவது ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து படுத்தும் நோயோடு, சேர்த்தே பார்ப்பார்களாம். 2013இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு தனி நோயாகப் பிரித்தது. பொருளின் அளவு பெரிதில்லை, அதைத் தூக்கிப் போடச் சொல்லும்போது அவர் படும் வேதனையைப் பாருங்கள் என்றார் டாக்டர். நாங்கள் குப்பையை மட்டும்தான் பார்த்தோம்.

———

முதலில் எழுதியவன்தான். போன வாரம் அந்த வீட்டுக்கு மறுபடி சர்வீஸ். மணியை அடித்தேன். "ஒரு நிமிஷம்" என்று குரல் வந்தது, உள்ளே துணி அள்ளும் சத்தம் கேட்டது. நான் அவசரப்படுத்தவில்லை.