தேன்பெட்டிக்கு அடியில் ஒரு ராஸ்பெர்ரி பை

வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியை வைத்து நம் குமரி மாவட்டத்தில் யார் என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் செய்தது தேன்பெட்டியின் எடையைப் பார்க்கும் கருவி.

அருமனைப் பக்கம் மாமாவின் ரப்பர் தோட்டத்தில் பன்னிரண்டு பெட்டி இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக் புரூட் என்ற வைரஸ் நோய் வந்து தேனீக்கள் கூட்டம் கூட்டமாக அழிந்ததைக் கண்ணால் பார்த்தவர் மாமா. அதிலிருந்து தேவையில்லாமல் பெட்டியைத் திறக்க விடமாட்டார். பின்பக்கத்தை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பார்த்தே தேன் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். நாகர்கோவிலில் இருக்கிற எனக்கும் அது தெரியவேண்டும் என்ற ஆசைதான்.

பை ஸீரோ டபிள்யூ என்ற சின்ன மாடல் ஒன்று, 50 கிலோ வரை எடையை உணரும் லோடு செல் நான்கு, எச்எக்ஸ்711 போர்டு ஒன்று. பையில் மின்னழுத்தத்தை நேராக அளக்கும் அனலாக் பின் கிடையாது. லோடு செல்லில் வருவதோ மில்லிவோல்ட் கணக்கு. அதைப் பெருக்கி 24 பிட் எண்ணாக மாற்றித் தரத்தான் அந்த போர்டு.

முதல் வாரம் எண்கள் பிடிபடவே இல்லை. காலையில் எடை இறங்கும், சாயங்காலம் ஏறும். சரி, தேனீ வெளியே போய் வருகிறது. ஆனால் ராத்திரி எல்லாம் உள்ளே இருக்கும்போது ஏன் மறுபடி இறங்குகிறது? மாமாவிடம் கேட்டேன். "மக்ளே, ராத்திரி பெட்டில காத வச்சுப் பாரு" என்றார். வைத்துப் பார்த்தேன். உள்ளே ஒரே சீராக இரைச்சல். பகலில் கொண்டுவந்த தேனில் தண்ணீர்தான் அதிகம். ராவெல்லாம் இறகை அடித்து அதை வற்றவைக்கின்றன. அந்தத் தண்ணீர் போகிற எடையைத்தான் நான் திரையில் பார்த்திருக்கிறேன். அப்புறம் விடியற்காலை 4 மணி எடையை மட்டுமே கணக்கில் எடுக்கிறேன். வெயிலில் லோடு செல் சூடாகி எண் நகர்கிற தொல்லையும் அந்த நேரத்தில் இல்லை. மழை பெய்த மறுநாள் மட்டும் நம்பக்கூடாது, நனைந்த பலகையும் எடை கூட்டும்.

ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும் காலத்தில் பூவுக்கு முன்னாலேயே தேன் வந்துவிடும். மூன்று இலைகள் சேருகிற காம்பு நுனியில் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன, துளி நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த நாட்களில் 4 மணி எடை தினமும் ஒரு படி ஏறுவதைப் பார்ப்பது அவ்வளவு சந்தோஷம்.

பிப்ரவரியில் ஒருநாள் எடை ஏறவில்லை. மறுநாளும் இல்லை. மாமா போய்ப் பார்த்தால் பெட்டிக்குள் எறும்பு. ஸ்டாண்டின் நான்கு காலுக்கும் சிரட்டையில் தண்ணீர் வைத்திருக்கிறோம், பிறகு எப்படி? ஷெட் சுவரிலிருந்து பைக்குக் கரண்ட் கொடுக்க நான் இழுத்த வயர் வழியாக வரிசையாக வந்திருக்கின்றன. மாமா ஒன்றும் திட்டவில்லை. இப்போது வயரில் ஷெட்டிலிருந்து வரும் வழியில் ஒரு சாண் நீளத்துக்கு கிரீஸ் பூசி, வாரம் ஒருமுறை புதுசாகப் பூசுகிறேன். பெட்டிக்கு வயர் இழுக்கப் போகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்யுங்கள்.

குலசேகரத்திலிருந்து இன்னொருவர்

எங்கள் வீட்டுப் புகைப்புரையில் ரப்பர் ஷீட் காய்கிற சூட்டைப் பார்க்க டிஎஸ்18பி20 சென்சார் மாட்டியிருக்கிறேன். 40 முதல் 60 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. தாண்டினால் டெலிகிராமில் செய்தி வரும்.

ஒரு ராத்திரி 85 டிகிரி என்று வந்தது. புகைப்புரை தீப்பிடித்தால் மிச்சம் இருக்காது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அப்பாவும் நானும் குடத்தோடு ஓடினோம். உள்ளே ஒன்றுமில்லை, எரிய வைத்த கொதும்பு அணைந்தே கிடந்தது. பிறகுதான் தெரிந்துகொண்டேன், அந்த சென்சாருக்குக் கரண்ட் ஒரு கணம் போய் வந்தால், சூட்டை அளப்பதற்கு முன் அதன் நினைவில் இருக்கிற எண்ணே 85தான். புகையில் கறுத்துப்போன ஒரு இணைப்பு லூஸாக இருந்தது. அதைச் சுரண்டி சாலிடர் வைத்தேன். சரியாக 85 வந்தால் மட்டும் பத்து நொடி கழித்து இன்னொரு முறை அளந்துவிட்டுச் செய்தி அனுப்பும்படி நிரலில் இரண்டு வரி சேர்த்தேன். அப்பா இப்போதும் குடத்தை நிறைத்தேதான் வைக்கிறார், அதுவும் சரிதான்.

குளச்சலிலிருந்து மற்றொருவர்

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்க்க வைத்த பை, உப்புக்காற்றில் ஒரே மழைக்காலத்தில் போர்டின் பின்களெல்லாம் பச்சை பூத்துவிட்டது. இப்போது போர்டைக் கீழே வீட்டுக்குள் வைத்து, சென்சாரை மட்டும் மேலே விட்டிருக்கிறேன். கரண்ட் பட்டென்று போகும்போது எஸ்டி கார்டு கெடாமல் இருக்க கார்டில் எழுதாமல் தற்காலிக நினைவகத்திலேயே எழுதும் ஓவர்லே முறையை ஆன் செய்திருக்கிறேன்.

அருமனை அண்ணே, அந்த கிரீஸ் வெயிலில் உருகி வழியாதா?