வெள்ளத்தில் நனைந்த சரக்கு: வவுச்சரில் கையெழுத்துப் போட்ட பிறகு மீதிப் பணம் கேட்கலாமா?

ஊத்தங்கரை மளிகை:
எல்லோருக்கும் வணக்கம். 2024 டிசம்பர் முதல் தேதி ராத்திரி எங்கள் ஊரில் கொட்டிய மழை நினைவிருக்கும். ஒரே நாளில் 50 செ.மீ., நிறுத்தி வைத்த வண்டிகளையே தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. எங்கள் மொத்த மளிகைக் கடையில் இடுப்பளவு தண்ணீர். கீழே அடுக்கியிருந்த சர்க்கரை, துவரம்பருப்பு, மைதா எல்லாம் போச்சு. அப்பாவுக்கு அப்புறம் கடையை நான்தான் பார்க்கிறேன்.

பாலிசி 15 லட்சத்துக்கு. நஷ்டம் 8 லட்சம் என்று, அதை மதிப்பிட வந்த சர்வேயரே ஒப்புக்கொண்டார். ஆனால் கடையில் இருக்கும் சரக்கின் மதிப்பு என்று வங்கிக்கு நவம்பரில் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் 25 லட்சம் இருக்கிறதாம், அதில் 60 சதவீதத்துக்குத்தான் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறோமாம். அதனால் நஷ்டத்திலும் 60 சதவீதம், 4.8 லட்சம்தான் என்றார்கள். 2025 ஜூனில், "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற வவுச்சரில் கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்றார்கள். சரக்கு கொடுத்தவர்கள் வாசலில் நின்றார்கள், போட்டுவிட்டேன். இனி ஒன்றும் செய்ய முடியாது, கடைக்காரர் நுகர்வோரே இல்லை, நுகர்வோர் ஆணையத்துக்கும் போக முடியாது என்கிறார் ஏஜென்ட். நிஜமா?

பாலக்கோடு அரிசி ஆலை:
ஏஜென்ட் சொன்ன இரண்டுமே தப்பு, தங்கச்சி. தொழிலுக்காக எடுத்த பாலிசிக்கும் நுகர்வோர் ஆணையம் போகலாம் என்று 2023-இல் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் எடுப்பது நஷ்டத்தை ஈடுகட்டத்தான், அதை விற்று லாபம் பார்க்க இல்லை. என் ஆலையில் தவிட்டு மூட்டைகள் எரிந்தபோது எனக்கும் இதையேதான் சொன்னார்கள். நம்பி ஒரு வருஷம் சும்மா இருந்தேன், அது இன்றும் உறுத்துகிறது. பணம் வந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் என்று கணக்கு வைத்து, 2027 ஜூனுக்கு முன்பே மனு போட்டுவிடுங்கள்.

வழக்கறிஞர், கிருஷ்ணகிரி:
வவுச்சர் விஷயத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். கையெழுத்துப் போட்டதாலேயே பாலிசிதாரரின் உரிமை போய்விடாது என்று, இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2015 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டது. ஏமாற்றியோ நெருக்கியோ வாங்கிய கையெழுத்து என்று காட்டினால் வழக்கு நிற்கும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 1999 தீர்ப்பு. ஆனால் "கட்டாயப்படுத்தினார்கள்" என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. 2014-இல் ஜீனஸ் பவர் என்ற கம்பெனி மூன்று வாரம் கழித்துத்தான் ஆட்சேபம் சொன்னது, கோர்ட் ஏற்கவில்லை. கையெழுத்துப் போட்ட அன்றோ மறுநாளோ யாருக்காவது எழுதினீர்களா, அம்மா?

கோர்ட் கட்டணத்துக்கு இப்போது பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கட்டணத்துக்குக் கேட்கும் தொகையைப் பார்க்க மாட்டார்கள், கட்டிய பிரீமியத்தைத்தான் பார்ப்பார்கள். இந்த முறை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் உறுதி செய்தது. பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. வணிக நீதிமன்றம் என்றால் அவசர உத்தரவு கேட்காத வழக்குக்கு முதலில் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும், கட்டணமும் உண்டு. உங்களுக்கு அந்த வழி தேவையில்லை.

கணக்கர், தர்மபுரி:
எல்லோரும் வவுச்சரையே பேசுகிறார்கள், எனக்கு அந்த 25 லட்சம்தான் உறுத்துகிறது. சரக்கைக் காட்டி வங்கியில் வாங்கும் கடன் வரம்பு, அதாவது சிசி லிமிட், குறையக் கூடாது என்று ஸ்டாக்கைக் கூட்டி எழுதுவது கடைவீதியில் நடப்பதுதான். அன்று கடையில் நிஜமாக எவ்வளவு இருந்தது? கொள்முதல் பில், ஜிஎஸ்டி கணக்கு, விற்பனை மூன்றையும் வைத்துப் போட்டுப் பாருங்கள். பாலிசியின் பெயர் "பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா"வா என்றும் பாருங்கள். அதில் சரக்கின் மதிப்பைவிட 15 சதவீதம் வரை குறைவாக இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அதற்காக நஷ்டஈட்டை வெட்டக் கூடாது.

ஊத்தங்கரை மளிகை:
பாலிசி அதேதான், ஐயா! நேற்று ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து பில்களைக் கூட்டினேன். 17 லட்சம் வருகிறது. வங்கிக்கு அப்பா காலத்திலிருந்தே கூட்டித்தான் கொடுத்து வந்தோம், நானும் அதையே செய்துவிட்டேன். அப்புறம், வழக்கறிஞர் கேட்டது: கையெழுத்துப் போட்ட அன்று சாயங்காலமே ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப்பில், "இது போதாது, போடாவிட்டால் தரமாட்டேன் என்றதால் போட்டேன்" என்று அனுப்பியிருக்கிறேன். அவர் பார்த்த நீல டிக்கும் இருக்கிறது.

கணக்கர், தர்மபுரி:
17-க்கு 15 என்றால் குறைவு 12 சதவீதம்கூட இல்லை. இந்தக் கணக்கு நின்றால் வெட்டிய 3.2 லட்சத்தையும் கேட்கலாம். சர்வேயர் அறிக்கையின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது முடிந்த முடிவு இல்லை என்று 2009-லேயே தீர்ப்பு இருக்கிறது.

வழக்கறிஞர், கிருஷ்ணகிரி:
அந்த வாட்ஸ்அப் இருக்கும் போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். வங்கிக்குக் கூட்டிக் கொடுத்ததை மனுவிலேயே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு முதலில் எடுக்கப்போவது அதைத்தான், நீங்கள் மறைத்ததாகத் தெரிந்தால் 17 லட்சத்தையும் நம்ப மாட்டார்கள். திங்கட்கிழமை பில் கட்டோடு வாருங்கள், பார்க்கலாம்.