வட்டுப் படமா, படிமமா, படியா? (வெள்ளிக்குள் முடிவு தேவை)

செ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கட்டற்ற இயங்குதளம் ஒன்றின் உதவிப் பக்கத்தை வெள்ளி இரவுக்குள் தமிழில் ஒப்படைக்க வேண்டும். இறக்கிய ஐஎஸ்ஓ திறக்கவில்லை என்று வருபவர்களுக்கான பக்கம். டிஸ்க் இமேஜ் (ஒரு வட்டின் உள்ளடக்கம் முழுவதையும் தாங்கும் ஒற்றைக் கோப்பு, ஐஎஸ்ஓ அதில் ஒரு வகை), மவுன்ட் (அந்தக் கோப்பை ஒரு வட்டைப் போலக் கணினியில் இணைப்பது) ஆகிய இரண்டு சொற்களும் இடிக்கின்றன. பழைய தமிழாக்கத்தில் முதலாவது 'வட்டுப் படம்', இரண்டாவது 'ஏற்று' என்று இருக்கிறது. 'வட்டுப் படத்தைத் திறக்க முடியவில்லை' என்று படிப்பவர் ஒளிப்படம் காட்டும் செயலியைத் தேடிப் போவார்.

பக்கம் சொல்வது இவ்வளவுதான். முதலில் கோப்பின் அளவைத் தளத்தில் தந்திருக்கும் அளவோடு பைட் கணக்கில் ஒப்பிடு. குறைந்தால் இறக்கம் பாதியில் அறுந்திருக்கிறது. சரியாக 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவாக நின்றிருந்தால் ஃபாட்32 முறையில் (கோப்புகளை அடுக்கும் பழைய முறை) அமைத்த பென்டிரைவைச் சந்தேகி, அதில் ஒரு கோப்பின் எல்லை அதுதான். அளவு சரியென்றால் ஷா-256 (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு, தளத்தில் தந்திருப்பதோடு 64 குறிகளும் ஒத்துப்போகின்றனவா பார். ஒரு குறி மாறினாலும் மறுபடி இறக்கு. அதுவும் ஒத்துப்போனால் கோப்பில் குற்றமில்லை, திறக்கிற கருவியில்தான் குற்றம்.

இந்தப் பக்கத்தில் உட்காரும் சொல் வேண்டும்.

ந. எழுதியது:

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? படிமம். இமேஜுக்கு ஏற்கெனவே புழங்கும் சொல். வட்டு + படிமம், வன்றொடர்க் குற்றியலுகரம், ஆகவே 'வட்டுப் படிமம்'. ப் கட்டாயம். தேடுபொறியில் ப் இல்லாமல் தேடுவார்கள் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

பு. எழுதியது:

ந. ஐயா, படிமம் வடசொல். பிரதிமா, பாகதத்தில் படிமா, நம்மிடம் படிமம். தொல்காப்பியப் பாயிரத்துப் 'படிமையோன்' என்பதை வைத்து அதைத் தமிழாக்கிவிட முடியாது. நம்மிடம் 'படி' இருக்கிறதே! கையெழுத்துப்படி, படியெடு. கல்வெட்டில் ஈரத்தாளை ஒற்றி, மை தட்டி எடுப்பதை மைப்படி என்கிறோம். எழுத்தை மட்டுமல்ல, கல்லின் கீறலையும் பொக்கையையும் சேர்த்தே அது எடுக்கும். வட்டிலுள்ள கோப்புகளை மட்டும் நகலெடுக்காமல் கோப்பு முறைமையையும் வெற்றிடத்தையும் அப்படியே ஒற்றி எடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. வட்டுப்படி.

ந. எழுதியது:

> வட்டுப்படி

சட்டப்படி, வழக்கப்படி, வட்டுப்படி! 'வட்டுப்படி திறக்கவில்லை' என்றால் வட்டு சொன்னபடி திறக்கவில்லை என்று படிப்பேன். 'படிமை' தமிழ்ப் 'படி'யின் கிளை என்போரும் உண்டு. அந்தச் சண்டை வெள்ளிக்குள் முடியாது.

வேறொன்று: படி என்றால் மூலம் ஒன்று இருக்க வேண்டும். நிறுவல் ஐஎஸ்ஓ எந்த வட்டிலிருந்தும் எடுக்கப்படுவதில்லை, நிரல் கட்டித் தருகிறது. மெய்நிகர்க் கணினிக்கென்று (கணினிக்குள் நிரலாக ஓடும் இன்னொரு கணினி) வெறுமையாக உருவாக்கும் 20 ஜிபி கோப்புக்கு மூலம் எது? கல்லே இல்லாமல் மைப்படியா?

க. எழுதியது:

சொல் இருக்கட்டும். செ. அவர்களின் பக்கத்தில் ஒரு வழி விடுபட்டிருக்கிறது. .பின் (குறுந்தகட்டைத் துணைத் தகவலோடு அப்படியே பதிந்த வகை) கோப்பின் பின்னொட்டை .ஐஎஸ்ஓ என்று மாற்றிவிட்டுத் திறக்கவில்லை என்பவர்கள் ஏராளம். ஐஎஸ்ஓவில் ஒரு பிரிவு (செக்டர், வட்டில் தரவை எழுதும் அலகு) 2048 பைட். பின்னில் பெரும்பாலும் 2352, அதாவது ஒத்திசைவுக்கு 12, தலைப்புக்கு 4, தரவு 2048, மிச்சம் 288 பிழைச் சோதனைக்கும் திருத்தத்துக்கும். கோப்பளவு எதால் மீதியின்றி வகுபடுகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பதின்அறும எடிட்டரில் (பைட்டுகளை அப்படியே காட்டும் கருவி) திறந்தால் மீதியும் தெரியும். முறையான ஐஎஸ்ஓ 9660 கோப்பில் தொடக்கத்திலிருந்து 32769 பைட் தள்ளி சி, டி, 0, 0, 1 என்று ஐந்து குறிகள் நிற்கும். முதல் 16 பிரிவுகளைத் தாண்டி, ஒரு பைட் தள்ளி.

மேக் கணினியின் படிம வகையான டிஎம்ஜி தலைகீழ். அதன் அடையாளம் கடைசி 512 பைட்டில் இருக்கிறது. அந்தக் கட்டு கே, ஓ, எல், ஒய் என்று தொடங்கும். இறக்கம் 99 விழுக்காட்டில் அறுந்தாலும் வால் போய்விடும், 'படிமத்தை அடையாளம் காண முடியவில்லை' என்று மேக் கைவிரிக்கும். பாவம், மீதியெல்லாம் சரியாகவே இருந்திருக்கும்.

பு. எழுதியது:

கே, ஓ, எல், ஒய் சேர்ந்தால் கோலி! நற்றிணை 3-இல் வேப்ப மர நிழலில் சிறுவர் 'நெல்லி வட்டாடும்' காட்சி நினைவிருக்கிறதா? நெல்லிக்காய்தான் வட்டு, இன்றைய கோலிக்கு மூத்தது. முந்தைய அடி 'கட்டளை அன்ன வட்டரங்கு இழைத்து'. கட்டளையும் வட்டும் ஒரே அடியில்! அங்கே கட்டளை பொன் உரைக்கும் கல்தான், கமாண்ட் அல்ல. ஆனாலும்.

தி. எழுதியது (யாழ்ப்பாணத்திலிருந்து):

வட்டு என்று ஒருமித்து நிற்பதே பெரிய விசயம். நாங்கள் இறுவட்டு என்பதை நீங்கள் குறுந்தகடு என்பீர்கள். ஹார்ட் டிஸ்க்குக்கு வன்தட்டு, வன்வட்டு, நிலைவட்டு என்று மூன்று வேறு. எஸ்எஸ்டியில் (சில்லுகளால் ஆன சேமிப்பகம்) வட்டமாக எதுவுமே இல்லை, அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மவுன்ட்டுக்கு 'ஏற்று' என்று போட்டிருக்கிறியள். 'ஏற்ற முடியவில்லை', 'ஏற்க முடியவில்லை' இரண்டும் ஓர் எழுத்தில் தப்பும். போதாக்குறைக்கு லோடும் ஏற்று, அப்லோடும் பதிவேற்று.

பு. எழுதியது:

பூட்டு. ஏர் பூட்டு, வண்டியில் மாட்டைப் பூட்டு. கோப்பு முறைமை மரத்தில் ஒரு கிளையைப் பூட்டுகிறோம்.

செ. எழுதியது:

ஐயா, அடுத்த பத்தியே கடவுச்சொல் போட்ட படிமம் பற்றியது. 'பூட்டிய படிமத்தைப் பூட்ட முடியவில்லை' என்று எழுதவா?

க. எழுதியது:

பொருத்து, கழற்று. முடிந்தது. 'கழற்றாமல் கோப்பை நகர்த்தாதே' என்றால் யாருக்கும் புரியும்.

விண்டோஸ் பகுதியில் இரண்டு சேருங்கள். விண்டோஸ் 8 முதல் ஐஎஸ்ஓவை இருமுறை சொடுக்கினாலே பொருந்தும், 7-இல் தனிக் கருவி வேண்டும். ஏதாவது சுருக்கிச் செயலி அந்தப் பின்னொட்டைப் பிடித்து வைத்திருந்தால் பொருத்தாமல் பிரிக்கத் தொடங்கும். வலச்சொடுக்கி, 'இதைக் கொண்டு திற' என்பதில் விண்டோஸ் எக்ஸ்புளோரரைத் தேர்ந்தால் சரியாகும். இரண்டாவது, டாரென்ட்டில் (பலரிடமிருந்து துண்டுதுண்டாக இறக்கும் முறை) இறக்கிய கோப்பு ஷா-256 ஒத்துப்போயும் சில வேளை பொருந்தாது. அது ஸ்பார்ஸ் கோப்பாக (வெற்றிடங்களை வட்டில் எழுதாமல் குறித்து மட்டும் வைக்கும் கோப்பு) இருந்தால் விண்டோஸ் பொருத்த மறுக்கும். வேறு அடைவுக்கு நகலெடுத்து, அந்த நகலைத் திறந்தால் போதும்.

தி. எழுதியது:

ஸ்பார்ஸ் = ஐதான. எங்கள் பாடநூலில் ஐதான அமிலம்.

ந. எழுதியது:

இங்கே அது நீர்த்த அமிலம். 'ஐதான கோப்பு' என்றால் இங்கே ஒருவருக்கும் விளங்காது. 'நீர்த்த கோப்பு' என்றால் இரு கரையிலும் விளங்காது. இடைவெளிக் கோப்பு?

செ. எழுதியது:

வெள்ளி மாலை ஆகிவிட்டது. வட்டுப் படிமம், பொருத்து, கழற்று என்று அனுப்புகிறேன். நான்கு பேர் ஆதரவு, பு. ஐயா எதிர்ப்பு. ஸ்பார்ஸ் இப்போதைக்கு ஸ்பார்ஸாகவே போகிறது. தேடுபவர்களுக்காக, பக்கத்தின் குறிச்சொற்களில் ப் இல்லாத வடிவமும் இருக்கும், ந. ஐயா மன்னிக்க.

பு. எழுதியது:

என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மெய்நிகர்க் கணினியின் வெற்றுக் கோப்புக்குப் 'படிமம்' மட்டும் எப்படிப் பொருந்துகிறது? எதன் பிரதிமை அது?

க. எழுதியது:

மொழிபெயர்ப்பின் 9-ஆவது சரத்தில் (வரியில்) 'பொறுத்து' என்று றகரம் விழுந்திருக்கிறது. 'படிமத்தைப் பொறுத்து' என்று போய்விடும். அனுப்பும் முன் பாருங்கள்.