மறு: நேமிங் கன்வென்ஷனுக்குத் தமிழ்ச் சொல்

அனைவருக்கும் வணக்கம்.

நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் பெயர்த்துத் தரும் நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) ஒன்றின் மூலநிரலில் (சோர்ஸ் கோட்) குறிப்பெயர்களை, அதாவது நிரலில் நாம் வைக்கும் பெயர்களை, எப்படி அமைப்பது என்ற ஏற்பாட்டுக்கு (நேமிங் கன்வென்ஷன்) நம் குழுவில் இதுவரை இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. குன்னூர் நண்பர் "பெயரிடல் விதி" என்கிறார். கூடலூர் ஆசிரியை "பெயரிடல் நெறிமுறை" என்று எழுதியிருந்தார். நான் "பெயர்மரபு" என்ற சொல்லை முன்வைக்கிறேன். குறிப்பெயர் என்ற சொல்லில் நமக்குள் தகராறு இல்லை. பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது, அப்படியே இருக்கட்டும்.

நெறிமுறை என்ற சொல்லை, கணினிகள் தமக்குள் பேசும் முறையான புரோட்டகாலுக்குக் கொடுத்துப் பல காலம் ஆகிவிட்டது, அதைத் திரும்ப வாங்க முடியாது. விதி என்ற சொல்லுக்கோ வேறு வேலை இருக்கிறது. குறிப்பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது என்பது விதி. மீறினால் நிரல்பெயர்ப்பி பிழை காட்டி நின்றுவிடும். மாறியின் (வேரியபிள்) பெயரில் சொற்களை அடிக்கீறு (_) போட்டுச் சேர்ப்பது அப்படிப்பட்டதல்ல. சேர்க்காவிட்டாலும் நிரல் ஓடும், மறுஆய்வு செய்பவர்தான் திருப்பி அனுப்புவார். இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால், புதிதாகப் படிக்க வரும் பிள்ளைக்கு எது கணினியின் கட்டளை, எது மனிதர்களின் ஒப்பந்தம் என்று கடைசிவரை பிரிபடாது.

எப்பொருளை எச்சொல்லால் எவ்வாறு உயர்ந்தோர் சொன்னார்களோ அவ்வாறே சொல்வது மரபு என்கிறது நன்னூல். யானையின் இளமைக்குக் கன்று, புலிக்குப் பறழ். யானைக்குட்டி என்றாலும் கேட்பவருக்கு விளங்கும், ஆனால் இலக்கணம் அதை மரபுவழு என்று குறித்துவைக்கும். நமக்கு வேண்டியது இதேதான். இன்னொரு லாபமும் உண்டு: விதியை மீறினால் பிழை, மரபை மீறினால் வழு. ரஸ்ட் என்ற நிரல்மொழியின் நிரல்பெயர்ப்பி, செயற்கூற்றின் (ஃபங்ஷன்) பெயரில் பெரிய (கேப்பிடல்) எழுத்தைக் கண்டால் எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு நிரலைப் பெயர்த்துத் தருகிறது. அந்த எச்சரிக்கைக்கு "மரபுவழு" என்ற பெயர் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது.

மரபு ஊருக்கு ஊர் மாறும், காலத்துக்குக் காலமும் மாறும். எல்எல்விஎம் என்ற நிரல்பெயர்ப்பித் திட்டத்தில் தரவினங்களின் (டைப்) பெயரும் மாறிகளின் பெயரும் பெரிய எழுத்தில் தொடங்கும், செயற்கூறுகள் சிறிய எழுத்தில் தொடங்கும். ஜிசிசி என்ற மற்றொரு நிரல்பெயர்ப்பியில் சிறிய எழுத்துகளும் அடிக்கீறும்தான் வழக்கம். எல்எல்விஎம்மின் உறுப்பான எல்எல்டி இணைப்பி (லிங்கர்: பெயர்த்த துண்டுகளை ஒரே நிரலாகச் சேர்ப்பது), 2019இல் தன் மாறிகளை எல்லாம் சிறிய எழுத்தில் தொடங்கும்படி மாற்றிக்கொண்டது. இணைப்பி செய்யும் வேலையில் அதனால் ஒரு மாற்றமும் இல்லை. இதற்கு மாறாக கோ என்ற நிரல்மொழியில் பெயரின் முதலெழுத்து பெரியதாக இருந்தால்தான் அந்தப் பெயர் அதன் தொகுப்புக்கு (பேக்கேஜ்) வெளியே தெரியும். எழுத்தை மாற்றினால் நிரலின் பொருளே மாறும். அது விதி. குன்னூர் நண்பர் தன் சொல்லுக்கு ஆதரவாகக் காட்டிய எடுத்துக்காட்டு இதுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது, பெயரில் சொற்களைச் சேர்க்கும் பாணிகள்: கேமல் கேஸ் (lineNumber), ஸ்னேக் கேஸ் (line_number). ஒட்டகப் பாணி, பாம்புப் பாணி என்று பெயர்க்க எனக்கு மனம் வரவில்லை. பெயரைக் கேட்டதும் விரல் எந்த விசைக்குப் போக வேண்டும் என்று தெரிய வேண்டும். அடிக்கீறு போட்டால் "அடிக்கீற்றுச் சேர்ப்பு". பெரிய எழுத்தால் சொல்லெல்லை காட்டினால் "பேரெழுத்துச் சேர்ப்பு". அதில் முதற்சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கினால் தலைப்பேரெழுத்து, நடுவில் வரும் சொற்கள் மட்டும் என்றால் இடைப்பேரெழுத்து. பாஸ்கல் கேஸுக்கும் (LineNumber) கேமல் கேஸுக்கும் உள்ள வேறுபாடு இந்த இரண்டு சொற்களிலேயே வந்துவிடுகிறது.

பெயரின் வகையைக் காட்டும் ஈற்றுக்கும் ஒரு சொல் வேண்டும். நம் நீலகிரி மலையில் தும்மனட்டி என்றால் படகர் ஊர், முத்தநாடு மந்து என்றால் தோடர் குடியிருப்பு என்று கடைசிச் சொல்லைக் கேட்டதுமே தெரிகிறது. எல்எல்விஎம்மின் சி, சி++ நிரல்பெயர்ப்பியான கிளாங்கில் அறிவிப்புகளின் (டிக்ளரேஷன்) இனக்குழுப் (கிளாஸ்) பெயர்கள் டெக்ல் (Decl) என்றும், கோவைகளின் (எக்ஸ்பிரஷன்) பெயர்கள் எக்ஸ்பர் (Expr) என்றும் முடியும். நிரலை மரவடிவில் வைக்கும் ஜிசிசியின் மரக் குறியீடுகளிலும் இதே ஈறுகள் உண்டு. சேர்ப்பு மட்டும் வேறு: கிளாங்கில் பேரெழுத்து, ஜிசிசியில் அடிக்கீறு. இத்தகைய ஈற்றை "வகையீறு" என்று சொல்லலாமா? தமிழில் தொகைச்சொல்லின் தலைமைச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும் என்பதால் இந்த மரபு நமக்குப் புதிதாகக் கற்க வேண்டியதே இல்லை.

தமிழிலேயே குறிப்பெயர் எழுதுவோருக்குத்தான் உண்மையான சிக்கல். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. ஆகவே பேரெழுத்துச் சேர்ப்புக்கு வழியே இல்லை. மிஞ்சுவது அடிக்கீறு, இல்லாவிட்டால் புணர்ச்சி. கூடலூர் ஆசிரியை புணர்த்தி எழுதுவதே அழகு என்கிறார்: வரியெண், மரக்கணு. அழகு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருபது கோப்புகளில் "எண்" என்று தேடிப் பாருங்கள், வரியெண் அகப்படாது. உடம்படுமெய் வந்து உயிரெழுத்து கொம்பாகிவிட்டது. "மரம்" என்று தேடினால் மரக்கணுவும் அகப்படாது, மகரம் கெட்டுவிட்டது. நிரல்பெயர்ப்பி போன்ற பெரிய மூலநிரலில் ஒரு பெயர் எங்கெல்லாம் வருகிறது என்று தேடுவதுதான் பாதி வேலை. அதனால் வரி_எண், மரம்_கணு என்று ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் உள்ளபடியே வைத்து அடிக்கீற்றால் சேர்க்கலாம் என்பது என் கருத்து. பிள்ளைகள் சந்தியைத் தவறாகக் கற்பார்களே என்ற அவருடைய கவலை நியாயமானது. அடிக்கீறு சொல்லிடைவெளிக்குப் பதிலாக நிற்கிறது, அதற்கு இருபுறமும் புணர்ச்சி இல்லை என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டால் போதும்.

பைத்தான் மொழியும், 2021இல் வெளிவந்த 1.53 பதிப்பிலிருந்து ரஸ்ட்டும் தமிழ்க் குறிப்பெயர்களை ஏற்கின்றன. "கொ" என்பதை ஒரே குறியாக உள்ளிட்டாலும் ஒற்றைக்கொம்பும் காலுமாக உள்ளிட்டாலும் இவை இரண்டுமே ஒரே பெயராகத்தான் எடுத்துக்கொள்ளும். கோ மொழியில் நிலைமை வருத்தம் தருகிறது. அங்கே குறிப்பெயரில் எழுத்தும் எண்ணும் அடிக்கீறும் மட்டுமே வரலாம். யூனிகோடு நம் புள்ளியையும் கால், கொம்பு, சுழிகளையும் எழுத்து என்ற பிரிவில் சேர்க்கவில்லை. அதனால் "பல" செல்லும், "மரம்" செல்லாது. மாற்ற வேண்டியது நம் மரபல்ல, அந்த விதி. அதைக் கேட்டுப் பெற நாம் குரல் கொடுக்கத்தான் வேண்டும்.

ஊட்டியில் அடுத்து கூடும்போது சொற்பட்டியலில் பெயர்மரபு, மரபுவழு, அடிக்கீற்றுச் சேர்ப்பு, தலைப்பேரெழுத்து, இடைப்பேரெழுத்து, வகையீறு ஆகிய ஆறையும் சேர்க்க ஒப்புதல் கேட்கிறேன். மதிப்பு மாறாத மாறிலிகளுக்கு எல்லா எழுத்தையும் பெரியதாக எழுதும் வழக்கத்துக்கு என்னிடம் இன்னும் நல்ல சொல் இல்லை. "முழுப்பேரெழுத்து" என்பது எனக்கே சற்று நீளமாகப் படுகிறது. கோத்தகிரி நண்பர்கள் யாராவது இதை விடச் சுருக்கமாக யோசித்திருந்தால் எழுதுங்கள்.